பூட்டிய கணினியும் நம் பேச்சும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியத் துறைக்குச் சென்ற பழைய மாணவிகளின் சார்பில் ஒரு சொற்பொழிவு வேண்டும் என்று சங்கத்தார் கேட்டார்கள். டொக்டர் பேசுகிறார் என்றால் நீரிழிவும் இரத்த அழுத்தமும்தான் வரும் என்று பலர் நினைத்திருப்பீர்கள். இன்று பேச எடுத்துக்கொண்டது வேறொன்று. நிர்வாகி உரிமை இல்லாத ஒரு கணினியில் பேச்சை ஆராயும் மென்பொருளை எப்படி இயக்குவது என்பதுதான் அது. கேட்பதற்குக் கணினிப் பாடம் போல இருக்கும். ஆனால் இதன் மறுமுனையில் பேச்சிழந்த நோயாளர்களும், தொண்டை கட்டிப்போன ரீச்சர்மாரும், வீட்டில் கணினி இல்லாத மாணவிகளும் இருக்கிறார்கள். ஆகவே சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

பாரிசவாதம் வந்து பேச்சுக் குழறிய நிலையில் மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் நோயாளர்கள் திருகோணமலை நகருக்கு வருகிறார்கள். சிலருக்குச் சொல்லே வராது. சிலருக்குச் சொல் வரும், நாக்கும் உதடும் ஒத்துழையாது. இன்னும் சிலருக்குக் குரல் மட்டும் கெட்டிருக்கும். மாதக்கணக்கில் பயிற்சி செய்து மறுபடி கிளினிக்குக்கு வரும்போது, "இப்ப எப்படி?" என்று கேட்டால், "முந்தினதை விடக் கொஞ்சம் பரவாயில்லை, டொக்டர்" என்பார்கள். அந்தக் கொஞ்சம் எவ்வளவு? உண்மையிலேயே முன்னேற்றமா, அல்லது கூட வந்த மகளின் காது அந்தக் குழறலுக்குப் பழகிவிட்டதா? இரத்த அழுத்தத்துக்கு எண் இருக்கிறது, சீனிக்கு எண் இருக்கிறது. பேச்சுக்கும் எண் வேண்டும். பயிற்சியைத் தொடர்வதா மாற்றுவதா என்று முடிவு செய்யவும், சோர்ந்துபோன நோயாளியிடம் "இதோ பாருங்கள், தேறியிருக்கிறீர்கள்" என்று காட்டவும் அது தேவை.

பேச்சை அளக்கலாம் என்பது தமிழருக்குப் புதிய எண்ணமல்ல. தொல்காப்பியத்தின் பிறப்பியல் நமக்கெல்லாம் இங்கேதான் அறிமுகமானது. உள்ளிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி எழுத்தாகிறது என்று படித்தோம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ஒரு மாத்திரை என்பது கண் இமைக்கும் அல்லது கை நொடிக்கும் நேரம் என்றும் படித்தோம். சோதனைக்காக மனனம் செய்த அந்த மாத்திரை இன்று வார்டில் பயன்படுகிறது. 'பல்' என்பதற்கும் 'பால்' என்பதற்கும் இடையில் இருப்பது உயிரின் நீளம் மட்டுமே. நாக்குத் தளர்ந்த நோயாளி இரண்டையும் சொல்லும்போது அந்த நீள வேறுபாடு சுருங்கியிருக்கிறதா என்று இப்போது மில்லிசெக்கன் கணக்கில் பார்க்கலாம். மூன்று மாதம் கழித்து மறுபடியும் அளந்து, இரண்டும் தெளிவாகப் பிரிந்து நின்றால், அது எவருடைய காதையும் நம்பிச் சொன்ன வார்த்தையாக இருக்காது.

இதைக் காட்டும் மென்பொருள்களில் உலகெங்கும் பயன்படுவது 'ப்ராட்'. அம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் பூர்ஸ்மா, டேவிட் வேனிங்க் என்ற இரு ஒலியியலாளர்கள் 1990களின் தொடக்கத்திலிருந்து வளர்த்து வருவது. டச்சு மொழியில் அந்தச் சொல்லுக்குப் 'பேசு' என்று பொருள். நம் துறைமுக வாயிலில் ஒஸ்ரன்பேர்க் கோட்டையை விட்டுச்சென்ற ஒல்லாந்தரின் மொழி இப்போது இந்த வடிவில் நமக்கு உதவ வந்திருக்கிறது. ப்ராட் இலவசம்; மூல நிரலும் திறந்திருக்கிறது. விலை கொடுக்க வழியில்லாத வைத்தியசாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அது பெரிய விஷயம்.

இனிப் பூட்டுக்கு வருவோம். அலுவலகக் கணினிகளில் நமக்குக் கிடைப்பது சாதாரணப் பயனர் கணக்கு. ஒரு மென்பொருளை நிறுவப் போனால் நீலமும் மஞ்சளுமான ஒரு கேடயப் படம் தோன்றி, நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். அரச உத்தியோகத்தில் இருந்த அக்காமாருக்குக் குவாட்டர்ஸ் உதாரணம் சொன்னால் விளங்கும். குவாட்டர்ஸில் நாம் குடியிருக்கலாம். நம் கதிரை, மேசை, அடுப்பைக் கொண்டுவந்து வைக்கலாம். சுவரை இடித்து வயர் இழுக்கவோ கூரையை மாற்றவோ முடியாது. அதற்குக் கட்டடத்துக்குப் பொறுப்பானவர் வரவேண்டும். கணினியிலும் அப்படித்தான். எல்லோருக்கும் பொதுவான நிரல் கோப்புறையில் எழுதுவது, கணினி முழுவதற்குமான பதிவேட்டை மாற்றுவது, புதிய சாதனத்துக்கான இயக்கியைச் சேர்ப்பது ஆகியவை சுவரை இடிக்கும் வேலைகள். நம் சொந்தக் கோப்புறையில் ஒரு கோப்பை வைத்துத் திறப்பது கதிரை போடும் வேலை.

பெரும்பாலான மென்பொருள்கள் உள்ளே வரும்போதே சுவரை இடிக்கக் கேட்கின்றன. ப்ராட் கேட்பதில்லை. அது ஒரே ஓர் இயங்கு கோப்பு. சுருக்கிய கோப்பை இறக்கி, விரித்து, ஆவணக் கோப்புறையிலோ பென் டிரைவிலோ வைத்து இருமுறை சொடுக்கினால் போதும். நிறுவல் என்ற படியே இல்லை. தன் விருப்பத் தெரிவுகளை எழுதிவைக்க நம் கணக்கின் கீழ் ஒரு சிறு கோப்புறையை மட்டும் உண்டாக்கிக்கொள்ளும். ஒலியை வெட்டி ஒட்டப் பயன்படும் 'ஒடாசிற்றி' என்ற இலவச மென்பொருளுக்கும் நிறுவாமல் இயக்கும் சுருக்கக் கோப்பு உண்டு. மைக்கைப் பொறுத்தவரை, சாதாரண யூ.எஸ்.பி. மைக் ஒன்றைச் செருகினால் விண்டோஸ் தன்னிடம் ஏற்கெனவே உள்ள இயக்கியையே பயன்படுத்தும். தனி இயக்கி கேட்கும் விலை உயர்ந்த கருவி வாங்கினால்தான் மறுபடி கடவுச்சொல் வாசலில் நிற்க வேண்டிவரும். ஆகவே வாங்கும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பூட்டைத் தொடாமல் வேலை செய்வது வேறு, பூட்டை உடைப்பது வேறு. நிர்வாகியின் கடவுச்சொல்லை எட்டிப் பார்த்து எழுதிக்கொள்வதும், அதைச் சுற்றிப் போகும் குறுக்குவழிகளை இணையத்தில் தேடுவதும் வேண்டாம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியின்றி நுழைவதைக் குற்றமாகவே கருதுகிறது. அதைவிட முக்கியம், அந்தப் பூட்டு யாருக்காக என்பது. அதே கணினியில் எவருடையதோ இரத்தப் பரிசோதனை முடிவு இருக்கும், எவருடையதோ கர்ப்பகாலப் பதிவு இருக்கும். தெரியாத மென்பொருள் ஒன்று உள்ளே புகுந்து அவற்றையெல்லாம் முடக்கிவிடாமல் இருப்பதற்காகவே அந்தக் கேடயம். சில அலுவலகங்களில் பென் டிரைவையும், நிறுவாமல் இயங்கும் கோப்புகளையும்கூட மறித்திருப்பார்கள். அப்படியானால் பொறுப்பான உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேட்பதே வழி. மறித்திராவிட்டாலும் சொல்லிவிட்டுச் செய்வதே முறை. "ப்ராட் என்ற ஒரு கோப்பு, அம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தினது, நிறுவத் தேவையில்லை, இணையம் தேவையில்லை, இன்ன வேலைக்கு" என்று நாலு வரி எழுதினால், மறுப்பதற்குக் காரணம் தேடுபவரும் யோசிப்பார்.

இப்போது செய்முறை. ப்ராட்டைத் திறந்தால் இரண்டு சாளரங்கள் வரும். படம் வரையும் சாளரத்தை மூடிவிடலாம். மற்றதில் 'புதிது' என்ற பட்டியலில் ஒலிப்பதிவு இருக்கிறது. ஒற்றைத் தடமாக, செக்கனுக்கு 44,100 மாதிரிகள் என்ற அளவில் பதியுங்கள். பதிந்தவுடன் அது கணினியின் நினைவகத்தில் மட்டுமே இருக்கும். கோப்பாகச் சேமிக்காமல் மூடினால் போய்விடும். முடக்குவாதத்தோடு போராடி ஒரு முதியவர் சொன்ன வார்த்தைகளை மறுபடி சொல்லுங்கள் என்று கேட்பது கொடுமை. ஆகவே முதலில் சேமித்துவிட்டுப் பிறகு பாருங்கள்.

நாங்கள் கேட்பது மூன்று சிறு வேலைகள். முதலாவது, மூச்சை நன்றாக இழுத்து 'ஆ' என்று முடிந்தவரை நீட்டிச் சொல்வது. நலமான வளர்ந்தவர்கள் சாதாரணமாகப் பதினைந்து செக்கனாவது தாக்குப்பிடிப்பார்கள். பத்துக்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். இரண்டாவது, 'ப-த-க, ப-த-க' என்று வேகமாகத் திரும்பத் திரும்பச் சொல்வது. உதடு, நாநுனி, நாவின் அடி ஆகிய மூன்றும் ஒழுங்காக மாறிமாறி வேலை செய்கின்றனவா என்று அது காட்டும். மூன்றாவது, 'கல், கால்', 'பல்', 'பால்', 'படு', 'பாடு' போன்ற சொற்களை வாசிப்பது. திரையில் அலையும் அதன் கீழே ஒலிநிறமாலையும் தோன்றும். நீலக் கோடாக ஓடுவது குரலின் சுருதி. பெண்களின் குரல்நாண் பேசும்போது செக்கனுக்குச் சுமார் 200 தடவையும் ஆண்களுடையது சுமார் 120 தடவையும் அதிரும். ஆகையால் சுருதியைத் தேடும் எல்லையைப் பெண்களுக்கு 100 முதல் 500 வரை, ஆண்களுக்கு 75 முதல் 300 வரை என்று வைத்துக்கொள்ளலாம். எல்லை தவறாக இருந்தால் எண்ணும் தவறாகவே வரும்.

நம் ஊருக்கு என்றே சில இடைஞ்சல்கள் உண்டு. வெக்கையில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னால் நோயாளியும் வியர்ப்பார், நாமும் வியர்ப்போம். ஆனால் அதன் இரைச்சல் குரலின் நடுக்கம் போலவே அளவில் விழும். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் பதிவை நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டும். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒவ்வொரு முறையும் அதே தூரத்தில், அதே அறையில் வையுங்கள். வட்ஸ்அப்பில் வரும் குரற்செய்தியை அளக்க வேண்டாம். அனுப்புவதற்காகச் சுருக்கப்பட்ட அந்த ஒலியில் நாம் தேடும் நுண்மைகள் போயிருக்கும்.

எண் வந்துவிட்டால் நோயைக் கண்டுபிடித்துவிட்டோம் என்றும் நினைக்கக் கூடாது. குரலின் ஒவ்வோர் அதிர்வுக்கும் இடையிலுள்ள நேரத் தடுமாற்றத்தை ப்ராட் ஒரு சதவீதமாகத் தரும். 1.04 சதவீதத்தைத் தாண்டினால் கவனிக்கவும் என்று அதன் கையேட்டிலேயே ஓர் எல்லை குறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அது வேறொரு கருவிக்காக வகுத்த எல்லை என்பதையும் அதே கையேடு சொல்கிறது. நாங்கள் ஒருவரை மற்றவரோடு ஒப்பிடுவதில்லை. ஒருவரின் தை மாதக் குரலை அவரது சித்திரை மாதக் குரலோடு ஒப்பிடுகிறோம். இங்கே அமர்ந்திருக்கும் ரீச்சர்மாருக்கு ஒரு வார்த்தை. தொழிலால் குரல் கெடுவோரில் ஆசிரியர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். நாற்பது பிள்ளைகளுக்கு மேலாகக் கத்திப் பல வருடம் ஓட்டிய தொண்டை அது. கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், கைமருந்தோடு நிற்காமல் காது மூக்குத் தொண்டை நிபுணரிடம் போங்கள். குரல்நாணைக் கண்ணால் பார்ப்பதற்கு ஈடாக எந்த மென்பொருளும் இல்லை.

"இதற்கு ஏன் இவ்வளவு பாடு? பேச்சை அப்படியே எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவு இருக்கிறதே?" என்று வெளிநாட்டிலிருந்து வந்த தங்கைமார் கேட்கக்கூடும். இருக்கிறது. ஓபன் ஏ.ஐ. நிறுவனம் 2022 செப்டெம்பரில் 'விஸ்பர்' என்பதை வெளியிட்டது. 680,000 மணிநேர ஒலியில் பயிற்றப்பட்டது, தமிழும் அதற்குத் தெரியும். ஜோர்ஜி கெர்கனோவ் என்ற நிரலாளர் அதைச் சாதாரணக் கணினியிலும், நிறுவாமலும் இணையம் இல்லாமலும் இயங்கும்படி எழுதித் தந்திருக்கிறார். கூட்டக் குறிப்பு எழுதவும், நம் பாட்டிமாரின் கதைகளைப் பதிந்து எழுத்தாக்கவும் அது உதவும். பிழை திருத்தும் வேலை நிறையவே இருக்கும். நோயாளியின் பேச்சுக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம். 2024இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆங்கில ஒலித்துண்டுகளில் ஏறக்குறைய நூற்றில் ஒன்றுக்கு, பேசியவர் சொல்லவே சொல்லாத வாக்கியங்களை விஸ்பர் தானாகச் சேர்த்து எழுதியிருந்தது. பேச்சின் நடுவே நீண்ட மௌனம் வரும்போது இது கூடுதலாக நிகழ்ந்தது. பாரிசவாதத்துக்குப் பின் சொல் தேடித் தவிப்பவரின் பேச்சு முழுவதும் அந்த மௌனம்தான். அவர் சொல்லாததை அவர் வாயில் திணித்து நோய்ப் பதிவில் ஏற்றுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

இணையத்தில் குரலை ஏற்றி முடிவு பெறும் சேவைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அவற்றில் தரமானவை உண்டு. மைக்ரோசொப்டின் இணையச் சேவையில் இலங்கைத் தமிழுக்கென்றே குமார், சரண்யா என்ற இரு செயற்கைக் குரல்கள் இருக்கின்றன. கேட்க மகிழ்ச்சியாகவும் இருக்கிறது. ஆனால் நோயாளியின் குரல் அவருடைய உடலின் ஒரு பகுதி. யாருடையது என்று கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிடும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவுகளை விசேட வகையில் சேர்த்திருக்கிறது. பூட்டிய கணினியில், இணையத்தைத் தொடாமல், ஒரே கோப்பாக இயங்கும் மென்பொருளை நாங்கள் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். குரல் அறையை விட்டு வெளியே போவதில்லை. பென் டிரைவில் பதிவை வைத்திருந்தால் மட்டும் கவனம். பஸ்ஸில் தவறிவிழக்கூடிய பொருள் அது. மென்பொருளை அதில் கொண்டு திரியுங்கள், நோயாளிகளின் குரலை வேண்டாம்.

அடுத்து, பார்வையிழந்த நம் சகோதரிகளுக்குப் பயன்படும் ஒன்று. 'என்.வி.டி.ஏ.' என்பது திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் இலவச மென்பொருள். அவுஸ்திரேலியாவில் 2006இல் மைக்கல் கரன் என்பவர் தொடங்கினார், ஜேம்ஸ் டே அவரோடு இணைந்தார், இருவருமே பார்வையற்றவர்கள். அதைப் பென் டிரைவில் ஒரு பிரதியாக எடுத்துச் செல்லலாம். நூலகத்திலோ அலுவலகத்திலோ எவருடைய கணினியிலும் செருகி, கடவுச்சொல் எதுவும் கேட்காமல் தொடங்கலாம். அதோடு வரும் 'ஈஸ்பீக்' தமிழையும் வாசிக்கும். இயந்திரக் குரல்தான், முதல் நாள் சிரிப்பு வரும், பழகினால் வேகமாகக் கேட்க அதுவே வசதி. பென் டிரைவில் இயங்கும் பிரதிக்கு எல்லைகளும் உண்டு. கணினிக்குள் நுழையும் முதல் திரையை அது வாசிக்காது; கடவுச்சொல் கேட்கும் கேடயத் திரையில் மௌனமாகிவிடும். ஆகவே ஒரு பார்வையற்ற பெண் நிரந்தரமாக வேலைக்கு வரும் அலுவலகத்தில், நிர்வாகி அதை முறையாக நிறுவித் தருவது அவரது கடமை. அவள் பென் டிரைவோடு சமாளிக்கிறாள் என்பது அவர் சும்மா இருப்பதற்குச் சாட்டாகாது.

தொண்ணூறுகளில் படித்த எங்களுக்குக் கணினி என்பது துணி போர்த்திய, செருப்பைக் கழற்றிவிட்டு நுழையும் அறையில் இருந்த பொருள். இன்று ஆய்வுகூடத்தில் வரிசையாக இருக்கின்றன. அவையும் பூட்டித்தான் இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். ஆனால் வீட்டில் கணினி இல்லாத ஒரு பிள்ளை, ஆசிரியையின் அனுமதியோடு, தன் பென் டிரைவில் உள்ள ப்ராட்டைத் திறந்து 'ழ'கரத்துக்கும் 'ள'கரத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் திரையில் பார்க்கலாம். பௌதிகவியலில் படிக்கும் அலையைத் தன் சொந்தக் குரலிலேயே காணலாம். கணினி சொந்தமாக இல்லாதவளும் கருவி சொந்தமாக வைத்திருக்கலாம் என்பதே நிறுவத் தேவையில்லாத மென்பொருளின் பெரிய உபகாரம்.

கடைசியாக, சங்கத்திடம் ஒரு விண்ணப்பம். நோயாளியின் பேச்சை அளக்கிறோம். ஆனால் நலமாக இருக்கும் திருகோணமலைப் பெண் எப்படிப் பேசுவாள் என்பதற்கு எங்கள் கையில் அளவு இல்லை. புத்தகங்களில் உள்ள எண்களிற் பெரும்பகுதி ஆங்கிலம் பேசுவோரிடம் எடுத்தவை. ஆங்கிலத்தில் நம் குறில் நெடில் கணக்கும் இல்லை, நம் ழகரமும் இல்லை. இந்த மண்டபத்தில் பதினைந்து வயது மாணவியும் இருக்கிறாள், நாற்பத்தைந்து வயதுத் தாயும் இருக்கிறாள், எழுபத்தைந்து வயதுப் பாட்டியும் இருக்கிறாள். மூவரும் இதே கடற்கரையில் தமிழ் பழகியவர்கள். ஒரே பத்தியை, ஒரே மைக்கில், ஒரே அறையில் எல்லோரும் வாசித்தால் மூன்று தலைமுறையின் அளவு நமக்குக் கிடைக்கும். உரிய நன்னெறிக் குழுவின் அனுமதியும், ஒவ்வொருவருடைய எழுத்துமூலச் சம்மதமும், பிள்ளைகளுக்குப் பெற்றோரின் சம்மதமும் பெற்ற பின்னரே தொடங்குவோம். பெயர் சேர்க்கப்படாது. வேண்டாம் என்று பின்னர் தோன்றினால் அந்தப் பதிவு அழிக்கப்படும். தேவையானது ஓர் அமைதியான அறை, ஒரு மைக், ஆய்வுகூடத்துக் கணினி ஒன்று. நிர்வாகியின் கடவுச்சொல் தேவையில்லை.

புலம்பெயர்ந்து வாழும் சகோதரிகளே, நீங்கள் ஊருக்கு வரும் விடுமுறையில் அரைமணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். கனடாவிலும் இலண்டனிலும் முப்பது வருடம் இருந்த பின் உங்கள் தமிழ் எப்படி ஒலிக்கிறது என்பதும் அறியத்தக்கதே. பாரிசவாதம் வந்து ஒரு நாள் நம்மில் எவருக்கேனும் பேச்சுத் தளர்ந்தால், மீண்டு எங்கே போய்ச் சேரவேண்டும் என்று சிகிச்சையாளருக்குக் காட்ட, நம் ஊர்ப் பேச்சின் அளவு ஒன்று அப்போது தயாராக இருக்கும். விருப்பமுள்ளவர்கள் தேநீர் இடைவேளையில் செயலாளரிடம் பெயரைக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.